கரும்பாலைக் கழிவும் கழனியும்

கழனியிலிருந்து எடுத்ததைக் கழனிக்கே திருப்புதல் உழவுத் தொழிலின் முதல் விதிகளுள் ஒன்றாகும். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், வீட்டுக் குப்பை, ஏரி வண்டல் ஆகிய யாவும் இவ்விதிப்படியே நெடுங்காலமாக நிலத்தைச் சேர்ந்து வந்திருக்கின்றன. ஆனால் விளைபொருள் ஊரை விட்டு ஆலைக்குச் சென்று, அங்கே பலவித மாறுதல்களை அடைந்து, கழிவாக வெளியேறும்போது, அதைத் திரும்பவும் நிலத்திற்குக் கொண்டுவருதல் அவ்வளவு எளிதன்று. ஒரு சாரார் அதனை நஞ்சென்று விலக்குகின்றனர். மற்றொரு சாரார் இலவச எருவென்று புகழ்கின்றனர். இவ்விரண்டு கூற்றுக்களையும் அப்படியே ஏற்காமல், எந்த அளவில், யாருடைய பொறுப்பில் அது எருவாகும் என்று ஆராய்வதே குடியானவருக்கு நன்மை பயக்கும். தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற பொருள் கரும்பாலைக் கழிவு.

ஆலையில் கழியும் பண்டங்கள்

ஒரு டன் கரும்பை ஆட்டினால் சர்க்கரை போக, சுமார் 300 கிலோ சக்கையும், 30 முதல் 40 கிலோ வரை சாற்றை வடிகட்டிய சேறும், 40 முதல் 45 கிலோ வரை கழிவுப்பாகும் கிடைக்கும். சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. கரூர் ஜில்லாவில் அதிலிருந்து காகிதமும் செய்யப்படுகிறது. ஆலைக்காரர் 'பிரஸ்மட்' என்று சொல்லும் சேற்றைச் சூடு தணிய நன்றாக மக்கவைத்தால் மணிச்சத்து நிறைந்த எருவாகிறது. இவ்விரண்டைப் பற்றியும் பெரிய வழக்கு ஒன்றுமில்லை. வழக்கெல்லாம் கழிவுப்பாகைப் பற்றியதே.

கழிவுப்பாகு எரிசாராய ஆலைக்குச் செல்கிறது. அங்கே நீர் கலந்து, நுரைமம் இட்டுப் புளிக்க வைத்து, சாராயத்தைக் காய்ச்சி வடித்துக்கொள்கின்றனர். நுரைமம் உண்பது சர்க்கரையை மட்டுமே; கரும்பு தன் வேரால் மண்ணிலிருந்து இழுத்த சாம்பல் சத்தை அது தொடுவதில்லை. ஆகையால் வடித்தபின் எஞ்சும் கரிய நீரில் அச்சத்து முழுவதும் தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் சாராயத்திற்கு 8 முதல் 15 லிட்டர் வரை இக்கழிவுநீர் எஞ்சும். புளிப்பும் துர்நாற்றமும் பொருந்திய இந்நீர் ஓடையில் கலந்தால், அதிலுள்ள அங்ககப் பொருள் மக்குவதற்கே தண்ணீரிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவாகி, மீன் முதலிய உயிர்கள் மாய்ந்துபோகும். கிணற்றுக்குள் கசிந்தால் நீர் பழுப்பேறி உப்பு மிகும். இவ்வாறு ஒரே பண்டம் ஓடைக்கு நஞ்சாகவும் நிலத்திற்குச் சத்தாகவும் இருப்பதே இதில் உள்ள சிக்கல்.

கணக்கு காட்டும் உண்மை

நாள் ஒன்றுக்கு 30,000 லிட்டர் சாராயம் வடிக்கும் ஓர் ஆலையை உதாரணமாகக் கொள்ளலாம். லிட்டருக்குப் பத்து லிட்டர் வீதம் கழிவுநீர் 3 லட்சம் லிட்டர் ஆகிறது. அதன் ஒரு லிட்டரில் சுமார் 10 கிராம் சாம்பல் சத்து இருப்பதாகக் கொண்டால், தினந்தோறும் 3 டன் சாம்பல் சத்து வெளியேறுகிறது. இது 50 கிலோ கொண்ட பொட்டாஷ் மூட்டைகள் நூற்றுக்குச் சமம். இந்தியாவோ தனக்கு வேண்டிய பொட்டாஷ் உரத்தைக் கனடா, ருஷ்யா, ஜோர்டான் முதலிய அந்நிய தேசங்களிலிருந்து கப்பலில் தருவிக்கிறது. வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கும் சத்தை உள்நாட்டில் குட்டையில் தேக்கி வைத்துக் கெடுப்பது பெரும் நஷ்டம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. ஏக்கருக்கு 75 கிலோ சாம்பல் சத்து கரும்புக்குப் போதுமெனக் கொண்டால், அதை அளிக்க மேற்கண்ட கழிவுநீர் 7,500 லிட்டரே வேண்டும். அஃதாவது சாலையில் காணும் சாதாரண டாங்கர் லாரியில் ஒரு லாரிகூட முழுதாய் வேண்டுவதில்லை. நாள் ஒன்றுக்கு 3 லட்சம் லிட்டரை இவ்விதமாகப் பங்கிட்டால் தினம் 40 ஏக்கர் நிலம் வேண்டும். வருஷத்தில் 250 நாள் ஆலை ஓடினால் 10,000 ஏக்கர் வேண்டும். அவ்வளவு நிலத்திற்கும் லாரி அனுப்புவது செலவு பிடிக்கும் காரியம். ஆகையால் ஆலைக்கு அருகிலுள்ள சில நூறு ஏக்கரிலேயே திரும்பத் திரும்ப ஊற்றிவிடும் ஆசை எவருக்கும் எழுவது இயல்பு. மழை பொய்த்த காலத்தில் நீரும் எருவும் இனாமாக வருவதைக் கண்டு குடியானவரும் இசைந்து விடுகின்றனர். முதல் வருஷம் பயிர் கறுத்துச் செழிக்கிறது. கேடு பின்னர் மண்ணிலும் கிணற்றிலும் மெள்ளத் தலைகாட்டுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

சட்டத்தின் அளவுகோல்

நீர் மாசுபடுதலைத் தடுக்கும் சட்டம் 1974ஆம் ஆண்டிலும், சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. எரிசாராய ஆலைகளுக்கு வகுக்கப்பட்ட விதி, கழிவுநீரின் பிராணவாயுத் தேவையைக் கொண்டு அளவிடுகிறது. ஆற்றிலோ ஓடையிலோ விடும் நீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், நிலத்தில் விடும் நீரில் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. வடித்தவுடன் வரும் கழிவுநீரில் அது 40,000 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருக்கிறது. மூடிய தொட்டிகளில் நுண்ணுயிர்களைக் கொண்டு மக்கவைத்து எரிவாயு எடுத்தால், அதில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு குறையும். எனினும் விதியின் எல்லை வெகுதூரத்திலேயே நிற்கும். 2003ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு வகுத்த திட்டத்தில், கழிவுநீர் முழுவதையும் எருவாக்கியோ, சுண்டக் காய்ச்சி எரித்தோ, கட்டுப்பாட்டுடன் நிலத்திற்கு அளித்தோ பயன்படுத்திவிட வேண்டும் என்று கூறப்பட்டது. நிலத்தில் விடுவதைக் கண்காணிப்பது கடினமென்று கண்டபின், சுண்டக் காய்ச்சி எரிக்கும் முறையின் பக்கமே விதி சாய்ந்து வந்திருக்கிறது.

இவ்விதிகள் இல்லாதிருந்தால் ஓடைகள் பல கெட்டுப்போயிருக்கும். ஆனால் கழனிக்குப் பிராணவாயுத் தேவை ஒன்றே அளவுகோலாகாது என்பது கவனிக்கற்பாலது. எரிவாயுத் தொட்டி அங்ககப் பொருளைக் குறைக்கிறதேயன்றி, சாம்பல் சத்தையும் மற்ற உப்புக்களையும் குறைப்பதில்லை. பிராணவாயுத் தேவை முற்றிலும் தணிந்த நீரும் அளவின்றிப் பாய்ந்தால் மண்ணை உவராக்கும். மாறாக, அத்தேவை மிக்க நீரும் தக்க நிலத்தில், தக்க அளவில், பயிரில்லாத காலத்தில் விடப்பட்டால் நன்மை செய்வதுண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் களர் நிலத்தைத் திருத்துவதற்கு வகுத்த முறை இதற்குச் சான்று. கோடையில் வெற்று நிலத்தில் ஹெக்டேருக்கு 5 லட்சம் லிட்டர் கழிவுநீரை ஒரே ஒரு தடவை விட்டு, உலரவைத்து, உழுது, பிறகு நல்ல நீர் தேக்கி வடித்துவிட வேண்டும் என்பது அம்முறை. கழிவுநீரின் புளிப்பும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் களரின் சோடியத்தைப் பெயர்த்துவிடுகின்றன. ஆனால் இந்த அளவு, கரும்புக்குப் போதுமெனக் கண்ட அளவைப் போல் 26 மடங்குக்கு மேற்பட்டது. களரல்லாத நிலத்திலோ, வடிகாலில்லாத நிலத்திலோ, ஆண்டுதோறுமோ இதைச் செய்தால் மருந்தே நோயாகிவிடும்.

பிரேஸில் தேசத்தின் அனுபவம்

இதே கழிவுநீரோடு பெரிய அளவில் போராடிய தேசம் பிரேஸில். 1975ஆம் ஆண்டில் அத்தேசம் மோட்டார் வண்டிகளுக்குப் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரும்புச் சாராயத்தைப் பயன்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. கழிவுநீர் ஆறுகளில் பெருகவே, 1978ஆம் ஆண்டில் நீர்நிலைகளில் அதை விடுவதற்கு அத்தேச அரசாங்கம் தடை விதித்தது. வேறு வழியின்றி ஆலைகள் அதைக் கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பின. திருப்பியபின் பொட்டாஷ் உரம் வாங்கும் செலவு குறைந்ததைக் கண்டன. பயனுள்ள பழக்கத்தைத் தடையே கற்பித்தது.

அத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. ஆலைக்கு அருகிலுள்ள தோட்டங்களில் சாம்பல் சத்து மிதமிஞ்சிச் சேரலாயிற்று. ஸாவோ பாலோ மாநிலத்தின் சுற்றுப்புற இலாகா 2005ஆம் ஆண்டளவில் வகுத்த விதி, லிட்டர் கணக்கை முதன்மையாகக் கொள்ளாமல் மண்ணின் கணக்கைக் கொண்டது. மண் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய காரச் சத்துக்களில் பொட்டாஷின் பங்கு நூற்றுக்கு 5 வரையில்தான் உயரலாம். அந்த எல்லையை எட்டிய நிலத்திற்கு, பயிர் எடுத்துச் செல்லும் அளவாகிய ஹெக்டேருக்கு 185 கிலோ சாம்பல் சத்தை மட்டுமே அளிக்கலாம். முன்னர்க் கணக்கிட்ட ஏக்கருக்கு 75 கிலோ என்பது இந்த அளவே.

பிரேஸிலில் கரும்புச் சாற்றையும் சேர்த்துப் புளிக்கவைப்பதால் அங்கே கழிவுநீர் நீர்த்திருக்கிறது. கழிவுப்பாகிலிருந்தே வடிக்கும் ஆலைகளில் அது பன்மடங்கு அடர்ந்தது. ஆகையால் அங்குள்ள லிட்டர் அளவை இங்கே பின்பற்றினால் கேடு விளையும். பின்பற்றத் தக்கது மண்ணைச் சோதித்துச் சத்தின் எடையைக் கொண்டு அளக்கும் நெறியே.

நொய்யல் கற்பித்த பாடம்

கழிவை மீட்டுப் பயன்படுத்துதல் ஆலைக்காரரின் விருப்பத்திற்கே விடப்பட்டால் என்ன விளையும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே வேறொரு தொழில் காட்டியிருக்கிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் உப்பு நிறைந்த கழிவுநீரை நொய்யலாற்றில் விட்டுவந்தன. பாசனத்திற்கென்று கட்டி 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, அக்கழிவுநீரைத் தேக்கும் குட்டையாயிற்று. தண்ணீர் திறக்க வேண்டாமென்று ஆயக்கட்டுக் குடியானவர்களே முறையிடும் விபரீதம் நேர்ந்தது. அவர்கள் நெடுநாள் வழக்காடியதன் பயனாக, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்யும் வரையில் பட்டறைகளை மூடும்படி 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது.

அதன்பின் சர்க்கார் பொருளுதவியும் சேர்ந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத் தொழிலுக்கே கொடுக்கலாயின. முடியாதென்று சொல்லப்பட்டது, முடிந்தே தீரவேண்டும் என்று வந்தபோது முடிந்தது. ஆனால் பிரிக்க முடியாமல் எஞ்சும் கலப்பு உப்புக்கு இடம் காண்பது அங்கே தொல்லையாகவே இருந்து வருகிறது. கண்டிப்பு ஒன்றே போதாது. மீட்ட பண்டத்திற்குச் செல்லும் வழியையும் விதியே வகுக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கப் பாடம்.

சாம்பலாகத் திரும்பும் சத்து

எரிசாராயக் கழிவைப் பொறுத்தமட்டில் அத்தகைய வழி ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சிச் சக்கையோடோ நிலக்கரியோடோ கொதிகலனில் எரித்தால், எஞ்சும் சாம்பலில் பொட்டாஷ் தங்குகிறது. 100க்கு 14.5 பங்கு சாம்பல் சத்துள்ள இப்பண்டம், கழிவுப்பாகுப் பொட்டாஷ் என்ற பெயரில் உரமாக அங்கீகரிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசாங்கத்தின் உர மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆலைகள் இதனை உரக் கம்பெனிகளுக்கு விற்கும் விலை டன்னுக்கு 4,263 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. குட்டையில் தேங்கிய கழிவு மூட்டையில் அடங்கிய உரமாயிற்று. முதலில் விதி இறுகியதும் பின்னர் விதி வழிவிட்டதும் ஆகிய இரண்டுமே இதற்குக் காரணம்.

எனினும் இதிலும் குறைகள் இல்லாமலில்லை. எரிக்கும்போது தழைச்சத்தும் மக்கு உண்டாக்கும் பொருளும் புகையோடு போய்விடுகின்றன. கொதிகலனுக்கு ஆகும் முதல் மிகப் பெரிது. சிறிய ஆலைகளும் கூட்டுறவு ஆலைகளும் அதைத் தாங்குவது அரிது. நிலக்கரி மிகுதியாகக் கலந்தால் சாம்பலில் சத்து குறைவதோடு, வேண்டாத உலோகங்களும் சேரக்கூடும். ஒரு மூட்டைப் பொட்டாஷ் உரத்தின் சத்தைப் பெற இச்சாம்பலில் நான்கு மூட்டைக்குச் சற்று மேல் வேண்டும்; ஆகவே வண்டிக்கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டே குடியானவர் இதன் விலையை மதிக்க வேண்டும். எல்லா ஆலைக்கும் எரிப்பதே கதி என்றோ, எல்லா நிலத்திற்கும் நீராகவே விடலாம் என்றோ ஒரே தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

செய்ய வேண்டுவன

விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஆலைக்காரர் கேட்கின்றனர். சிறிது இடம் கொடுத்தாலும் எருவென்ற பெயரால் கழிவைக் கொட்டிவிடுவர் என்று சுற்றுப்புறத்தில் அக்கறையுள்ளவர்கள் அஞ்சுகின்றனர். ஆலைக்காரர் கூறும் செலவும் மெய்; மற்றவர் அஞ்சும் கேடும் மெய். இரண்டிற்கும் விடையாவது, விதியைத் தளர்த்துவதுமன்று, மேலும் இறுக்குவதுமன்று. அளவுகோலைக் கழனிக்குப் பொருந்தும்படி திருத்தி, பொறுப்பை இடம் மாறாமல் நிறுத்துவதே.

முதலாவதாக, நிலத்திற்கு அளிக்கும் எந்தக் கழிவும் லிட்டர் கணக்கில் அனுமதிக்கப்படாமல், ஏக்கருக்கு இத்தனை கிலோ சாம்பல் சத்து, இவ்வளவு உப்பு என்ற கணக்கில் அனுமதிக்கப்பட வேண்டும். மண் பரிசோதனைச் சீட்டு இல்லாத நிலத்தில் ஒரு லாரியும் இறங்கலாகாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு லாரியோடும் ஆலையின் பெயர், தேதி, சத்தின் அளவு, உப்பின் அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சீட்டு குடியானவர் கைக்கு வரவேண்டும். கடையில் வாங்கும் உர மூட்டைக்கு உள்ள கட்டுப்பாடு, இனாமாக வரும் உரத்திற்கு ஏன் இருக்கலாகாது?

மூன்றாவதாக, கழிவு விடும் நிலத்தைச் சுற்றியுள்ள கிணறுகளை விடுமுன்பும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைக் கிராமப் பஞ்சாயத்தில் யாவரும் காண வைக்கவேண்டும். குடியானவர் இசைந்து வாங்கிக்கொண்டார் என்பதால் ஆலையின் பொறுப்பு தீர்ந்துவிடலாகாது. பாலாற்றுத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில், கெடுத்தவரே திருத்தும் செலவைத் தாங்கவேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று 1996ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அந்நெறி கழனிக்கும் உரியதே.

நான்காவதாக, இந்நிபந்தனைகளை நிறைவேற்றும் ஆலைக்கு அனுமதி காலதாமதமின்றிக் கிடைக்கவேண்டும். ஒழுங்காக நடப்பவனும் ஒளித்துக் கொட்டுகிறவனும் ஒரே அலைச்சலை அடைவார்களாயின், ஒழுங்காக நடக்க எவரும் முன்வரமாட்டார். தனியே கொதிகலன் வைக்க இயலாத கூட்டுறவு ஆலைகள் பல சேர்ந்து ஒன்றை அமைத்துக்கொள்ளச் சர்க்கார் துணை செய்யலாம்.

ஐந்தாவதாக, மீட்ட சாம்பல் சத்தில் முதல் உரிமை கரும்பு கொடுத்த குடியானவருடையது. அவருடைய மண்ணிலிருந்தே அது சென்றது. ஆலைகள் தம்மிடம் கரும்பு பதிவு செய்தவர்களுக்கு அடக்க விலையில் அதைக் கொடுத்த பின்னரே வெளியே விற்பது நியாயமாகும்.

பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் 2025ஆம் ஆண்டில் நிறைவேறியிருக்கிறது. அதற்கென எழுந்த ஆலைகளில் தானியத்திலிருந்து வடிப்பவை ஒருபுறமிருக்க, கரும்பிலிருந்து வடிப்பவற்றின் கழிவு பெருகுவது திண்ணம். இன்னும் பல கிராமங்களின் எல்லையில் லாரிகள் வந்து நிற்கும். அப்போது அதைக் கண்மூடி ஏற்பதும் கண்மூடி விரட்டுவதும் வேண்டியதில்லை. மண்ணைச் சோதித்தாயிற்றா, சீட்டு எங்கே, கிணறு கெட்டால் ஈடு யார் கொடுப்பது என்னும் மூன்று கேள்விகளைக் குடியானவர் கேட்கவேண்டும். மூன்றிற்கும் எழுத்து மூலமாக விடை வருமாயின் அது எரு. வராவிடில் அது கழிவே.